ஹேர்மிஸ் மூழ்கியபோது சீனக்குடா விமானங்கள் எங்கே?

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

திருகோணமலைச் சீனக்குடா விமானத் தளத்தில் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் நிற்க, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் தாக்கி நம்முடைய கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எப்படி விமானத் துணையில்லாமல் மூழ்கியது என்று மருமகன் கேட்டதாக எழுதியிருந்தாய். நல்ல கேள்வி மனே. விமானிகள் பயந்து ஒதுங்கிவிட்டார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது பெரிய அநியாயம். நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டு.

சீனக்குடாவில் நின்றது பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது ஸ்குவாட்ரன். 1940இல் மால்டாத் தீவில் உருவாகி, அங்கே கலைக்கப்பட்டு, 1941இல் ஈராக்கில் திரும்பவும் கட்டப்பட்ட படையணி அது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததும் இலங்கைக்கு அவசரமாகச் சண்டை விமானங்கள் தேவைப்பட்டன. இன்டொமிற்றபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மார்ச் மாதம் 30ஆவது, 261ஆவது ஸ்குவாட்ரன்களின் ஹரிக்கேன்களைக் கொண்டுவந்து, கரைக்கு எட்டும் தூரத்தில் தட்டிலிருந்து பறக்கவிட்டது. அந்த விமானங்களில் கப்பல் தட்டில் இறங்கும்போது பிடித்து நிறுத்தும் கொக்கி கிடையாது. தட்டை விட்டு எழும்பினால் திரும்ப அதில் இறங்க முடியாது. 30ஆவது இரத்மலானையில் நின்றது, 261ஆவது சீனக்குடாவுக்கு வந்தது. ஆயத்தமாக ஏறத்தாழ ஒரு மாதம்தான் கிடைத்தது.

ஹரிக்கேனை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆனால் வெப்ப நாட்டுக்கென்று அதன் மூக்குக்குக் கீழே தாடைபோல ஒரு பெரிய தூசி வடிகட்டியைப் பூட்டியிருந்தார்கள். எஞ்சினுக்குள் மண் போகாமல் அது காக்கும். பதிலுக்கு வேகத்தையும் ஏறும் திறனையும் தின்றுவிடும். 6,000 மீற்றர் உயரத்துக்கு ஏறப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள். எட்டுத் துப்பாக்கி பூட்டிய பழைய மாதிரியில் விசையை விடாமல் அழுத்தினால் 15 வினாடி அளவில் ரவை தீர்ந்துவிடும். ஜேர்மன் விமானத்தோடு சண்டை பிடிக்கையில் இறுக்கி வட்டமடித்து அதன் பின்னால் போவது ஹரிக்கேன்காரரின் பழக்கம். ஜப்பானின் ஸீரோ சண்டை விமானத்திடம் அதைச் செய்தவன் செத்தான், ஏனென்றால் ஸீரோ அதைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பும். அப்போதைய ஸீரோவில் விமானிக்குக் கவசத் தகடு இல்லை, எண்ணெய்த் தாங்கிக்கும் பாதுகாப்பு உறை இல்லை. ஆகவே மேலேயிருந்து பாய்ந்து, ஒருதரம் சுட்டுவிட்டு, நிற்காமல் கீழே போய்விடுவதே சரியான வழி. அதற்கு முதலில் உயரம் வேண்டும். உயரத்துக்கு நிமிடங்கள் வேண்டும், நிமிடங்களுக்கு ராடார் வேண்டும்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் இதுதான் பிழையாகிப் போனது. முதல்நாளே கொக்கலவிலிருந்து போன கற்றலீனா வேவு விமானத்தில் லெனார்ட் பேர்ச்சல் ஜப்பான் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும் காலையில் ராடார் எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் தலைக்கு மேலே எதிரி நிற்கையில்தான் விமானங்கள் எழும்பின.

ஏப்ரல் 9இல் திருகோணமலை ராடார் தன் வேலையைச் செய்தது. குண்டு விமானம் நிமிடத்துக்கு நாலு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடப் பறக்கும். நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கண்டால் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைக்கும், ஏறிவிடலாம். ஹரிக்கேன்கள் ஏறி நின்றுதான் மோதின. ஆனால் வந்தவை 120க்கும் அதிகம், ஏறியவை இருபதும் இல்லை. ஹரிக்கேன்களில் எட்டு விழுந்தன. விமானத் தளமும் துறைமுகமும் அடிவாங்கின, எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்தது.

இது காலை ஏழரை மணியை ஒட்டி. ஹேர்மிஸ் அடிவாங்கியது பத்தரை மணியளவில். இடையில் மூன்று மணி நேரம் இருந்ததே என்று மருமகன் கேட்பார். சண்டையிலிருந்து இறங்கிய விமானத்துக்கு எண்ணெய் ஊற்றி, துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ரவைப் பட்டி ஏற்றி, ஒக்சிஜன் சிலிண்டர் மாற்றி, ஓட்டை பார்த்துத்தான் திரும்ப அனுப்பலாம். குண்டு விழுந்த தளத்தில் அதை யார் எவ்வளவு விரைவாகச் செய்ய முடியும்? எல்லாம் சரியாக இருந்தாலும், சீனக்குடாவிலிருந்து மட்டக்களப்புக் கடலுக்குக் கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர், போக மட்டும் 25 நிமிடம். ஹரிக்கேன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வானில் தாங்கும். போக வர 50 நிமிடத்தைக் கழித்தால் கப்பலுக்கு மேலே நிற்க மிஞ்சுவது 40 நிமிடம். நாலு விமானம் ஓயாமல் மேலே நிற்க வேண்டுமானால் நாலு வழியில், நாலு தரையில் எண்ணெய் அடித்துக்கொண்டு என்று குறைந்தது பன்னிரண்டு வேண்டும். அன்றைக்குச் சீனக்குடாவில் மிஞ்சியதை வைத்து அது நடக்கிற காரியமா?

கப்பலிடமும் ஒன்றும் இல்லை. அதன் 12 சோர்ட்பிஷ் விமானங்களைத் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடுகையில் கரையில் விட்டுவிட்டார்கள். அவை இருந்திருந்தாலும் டோர்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) போடுகிற இரட்டைச் சிறகு விமானங்கள்தான், சண்டை விமானம் அல்ல. முதல்நாள் இரவு தெற்கே ஒதுங்கச் சொன்னார்கள். காலையில் ஜப்பான் வேவு விமானம் கண்டுவிட்டது என்று தெரிந்ததும் சீனக்குடாவின் பாதுகாப்புக்குள் திரும்பி வரச் சொன்னார்கள். கப்பலின் உச்ச வேகம் மணிக்கு 25 கடல் மைல். திரும்பி வரும் வழியிலேயே 80க்கு மேற்பட்ட பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் வந்தன. அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. கப்டன் ஒன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களை வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

ஒருவரும் வரவில்லை என்பதும் சரியில்லை. இரத்மலானையிலிருந்து ஆறு புல்மார் சண்டை விமானங்கள் நாட்டைக் குறுக்காகக் கடந்து வந்தன. 220 கிலோமீற்றருக்கு மேல். அரை மணி நேரம் தாண்டும். வந்துசேர ஹேர்மிஸ் மூழ்கிவிட்டது. ஆனாலும் அவை மற்றக் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்தவற்றோடு மோதி நாலு ஜப்பான் விமானங்களை விழுத்தின, இரண்டைத் தாங்கள் இழந்தன. இந்த ஆறு பேரைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் கவலை.

261ஆவது அடுத்த வருசம் இந்தியாவுக்குப் போய், பர்மாப் போரில் தண்டர்போல்ட் சண்டை விமானம் ஓட்டி, 1945இல் கலைக்கப்பட்டது.

மருமகன் கப்பலைப் பார்க்க இறங்கத்தான் வேண்டும் என்றால் வாடை முடிந்து கடல் அடங்கிய பிறகு, சித்திரைக்குப் பின் வரச் சொல். ஹேர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. வழக்கமான சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் தலையைக் கிறுக்கும், சிலிண்டரும் மேலே இருப்பதைவிட ஆறு மடங்கு வேகத்தில் இறங்கும். ஏறும்போது இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் வரவேண்டும். அதற்கான பயிற்சிச் சான்றிதழ் இல்லையென்றால், அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ற் கப்பலைப் பார்க்கட்டும். அது பாசிக்குடாப் பக்கம் 25 மீற்றர் அளவில்தான் கிடக்கிறது. எதில் இறங்கினாலும் ஒரு ஆணியைக்கூட எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. அது ஆட்கள் செத்துக் கிடக்கிற இடம்.

அன்புடன்,
அப்பா