சம்ப்பில் சென்சார் மாட்டும் இடம்

அன்புள்ள செல்வா,

உன் கடல்மீன் தொட்டியின் கீழே வைக்கும் துணைத்தொட்டி, அதாவது சம்ப், படம் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புகளை நேர்த்தியாக ஒட்டியிருக்கிறாய். ஆவியான தண்ணீருக்கு ஈடாக வாளியிலிருந்து நல்ல தண்ணீரை ஊற்றும் மோட்டாரை இயக்கும் சென்சாரை மட்டும் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) அறையிலிருந்து எடுத்துவிடு. எவ்வளவு தண்ணீர் ஆவியானாலும் அந்த அறையின் மட்டம் தடுப்பின் உயரத்திலேயே நிற்கும். குறைவதெல்லாம், தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் அறையில்தான். அது 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் என்றால் மட்டம் 1 செ.மீ. இறங்க முக்கால் லிட்டர் போயிருக்க வேண்டும்.

ரிட்டர்ன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டத்தை மார்க்கரால் குறி. சென்சாராக வைக்கும் முதல் ஃப்ளோட் சுவிட்ச் (மிதவை ஏறி இறங்குவதால் இயங்கும் சுவிட்ச்) அங்கே. இரண்டாவது, அதற்கு 3 செ.மீ. மேலே. இரண்டுமே மிதவை கீழே தொங்கும்போது இணைப்புத் தரும்படி இருக்கட்டும், மல்டிமீட்டர் வைத்துப் பார். மாறியிருந்தால் கிளிப்பைக் கழற்றி மிதவையைத் திருப்பிப் போட்டால் போதும். இரண்டையும் தொடராக இணைத்துவிட்டால், கீழே உள்ளது சிக்கிக்கொண்டாலும் மேலே உள்ளது நிறுத்தும். ஒயர் அறுந்தாலும் ஊற்றும் மோட்டார் ஓடாது. ஃப்ளோட்டின் உள்ளே இருப்பது காந்தத்தால் இயங்கும் மெல்லிய ரீட் சுவிட்ச். மோட்டாரை நேராக அதில் மாட்டினால் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் 12 வோல்ட் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வை. 230 வோல்ட்டை சம்ப் பக்கமே கொண்டுபோகாதே.

5 மி.மீ. அக்ரிலிக்கில் எல் வடிவ பிராக்கெட் போதும். கீழே மரத்துண்டு வைத்து மெதுவாகத் துளை போடு, இல்லையென்றால் விரியும். திருகுகள் நைலானில் இருக்கட்டும். கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் என்று சத்தியம் செய்தாலும் உப்புத்தண்ணீரில் துருப்பிடிக்கும். ஃப்ளோட்டைச் சுற்றி 40 மி.மீ. பி.வி.சி. குழாய் மாட்டு, அலையும் குமிழியும் தொந்தரவு தராது. அடியில் வெட்டிய இடத்தில் வலை வை. நத்தை ஏறி மிதவையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஊற்றும் மோட்டார் உரிய மட்டத்தில் நிற்காமல் ஓடும். குழாயின் மேல்பக்கம் காற்றுத்துளை கட்டாயம். காற்று அடைபட்டால் உள்ளே மட்டம் பொய் சொல்லும். ஒளியால் மட்டம் அறியும் ஆப்டிகல் சென்சார்தான் வேண்டும் என்றால் நேர் வெளிச்சம் படாத இடமாகப் பார். அதன் கண்ணில் பாசி படிந்தாலும் கெட்டது.

கரண்ட் போய் வரும் நேரத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. கரண்ட் வந்ததும் ரிட்டர்ன் மோட்டார் தண்ணீரை மேலே இழுக்கும், தொட்டி நிரம்பி வழிந்து திரும்பும் வரை இந்த அறையில் மட்டம் சற்று தாழும். சென்சார் அதைப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீரை ஊற்றிவிடும். ஊற்றும் மோட்டாருக்கு ஐந்து நிமிட டிலே டைமர் போட்டுவிடு. ஒரே மூச்சில் இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்ற வரம்பும் இருந்தால் நிம்மதி.

ஊற்றுவதற்கான ஆர்.ஓ. (வடிகட்டிய உப்பில்லாத) தண்ணீர் வாளி 20 லிட்டரே போதும். 200 லிட்டர் அமைப்பில், 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பில், அது மொத்தமும் கொட்டினாலும் 31.8-க்குத்தான் இறங்கும். 50 லிட்டர் டிரம் என்றால் 28, பவளம் தாங்காது. ஊற்றும் குழாயின் முனை வாளியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் மோட்டார் நின்ற பிறகும் சைஃபன் ஆகிக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

மாதம் ஒருமுறை பாதி வினிகர், பாதி தண்ணீரில் ஃப்ளோட்டை ஊறவைத்து, விரலால் ஏற்றி இறக்கிப் பார். தண்டில் உப்புப் படிந்தால் முதலில் இறுகுவது அதுதான்.

உன் பையனுக்குப் பரீட்சை எப்படிப் போயிற்று? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பிராக்கெட் மாட்டியதும் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, ஒயர் போகும் வழியையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரவி