சந்தா கட்டாத வேட்டைக்காரனுக்கு

மேடிசன், விஸ்கான்சின், ஏப்ரல் மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். பெரியவளுக்கு கார் லைசென்ஸ் கிடைத்துவிட்டது, அதனால் நான் மட்டும் கொஞ்சம் நலமில்லை. கோவில்பட்டியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த கையோடு, "அந்தப் பய இன்னும் ஹூஸ்டன்லதான் இருக்கானா?" என்று கேட்டாள். உன்னைத்தான். ஒரு போன் போட்டுப் பேசு.

பொங்கலன்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் வரவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். வேண்டுமென்றேதான் போடவில்லை. "வருஷா வருஷம் வேட்டை லைசென்ஸ் காசு கட்டுறோம்ல, அப்புறம் வேட்டைக்காரர் சங்கத்துக்கு வேற எதுக்குடா தண்டம் அழணும்?" என்று கேட்டிருந்தாய். அதற்கு நாலு வரியில் என்ன சொல்ல? போன திங்கட்கிழமை ராத்திரி ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

விஸ்கான்சினில் 1934-லிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெயர் கன்சர்வேஷன் காங்கிரஸ். பெயரைக் கேட்டதும் நீ காமராஜரை இழுப்பாய், வேண்டாம். ஏப்ரல் இரண்டாவது திங்கள் மாலை 72 கவுண்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரே நேரத்தில் கூட்டம். மான் சீசன் எத்தனை நாள், எந்த ஏரியில் எத்தனை மீன் எடுக்கலாம் என்று கேள்வித்தாள் வைத்து ஊர்க்காரர்களிடம் ஓட்டு வாங்குவார்கள். கவுண்டிக்கு ஐந்து பிரதிநிதிகள். இவர்கள் சொல்வது ஆலோசனைதான், சட்டமில்லை. ஆனாலும் இயற்கைவளத் துறையின் காதில் நேராகப் போய் விழுகிற குரல் இது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில். பாதி நாற்காலி காலி. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள், மீதிப் பேர் தொப்பியைக் கழற்றவில்லை. கிராஸ்போ என்கிற விசைவில்லுக்குத் தனி சீசனா, வில்காரர்களோடு சேர்த்தா என்று இரண்டு பேர் மைக்கை மாற்றி மாற்றிப் பிடுங்கிச் சண்டை போட்டார்கள். அது முடிந்ததும் நம்ம பரண் தாத்தா எழுந்தார். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். முழங்கால் முடியவில்லை, பிரதிநிதி பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார். அவர் இடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். அத்தனை பேரும் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். எல்லாம் காலங்காலமாக நவம்பர் வந்தால் ஆரஞ்சு கோட்டு போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள்!

நான் கையைத் தூக்கிவிட்டேன்.

சரி, சிரித்து முடி. மெஸ் கமிட்டிக்கு நின்று ஒரே ஓட்டு வாங்கியவன் நான். அந்த ஓட்டும் தன்னுடையது இல்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறவன் நீ. இப்போது எனக்கு முறையான பொறுப்பு இருக்கிறது, மரியாதையாகக் கேள்.

முதலில் உன் பக்க நியாயம். நீ கட்டுகிற காசு வீணாகப் போகவில்லை, அதை நான் மறுக்கவே இல்லை. நீ வாங்குகிற தோட்டாவிலும் நீளத் துப்பாக்கியிலும் 11 சதவீதம் மத்திய வரி இருக்கிறது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி அது மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. பங்கு வேண்டுமென்றால் லைசென்ஸ் காசை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்று மாநிலத்துக்கு அதிலேயே கிடுக்கிப்பிடி. நல்ல சட்டம். ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. வேட்டைக்காரர் சங்கங்கள், எங்களிடம் வாங்குகிற வரியைக் காட்டுக்கே செலவழி என்று நின்றதால் வந்தது. நீ லைசென்ஸ் கட்டினாய், சரி. கட்டிய காசு வாய் திறந்து பேசுமா?

வாத்தையே எடுத்துக்கொள். கேட்டி பக்கம் நெல்வயலில் படுத்துக்கொண்டு நீ சுடுகிற பின்டெயில் வாத்து எங்கே முட்டையிலிருந்து வந்தது? டெக்சஸிலா? வடக்கே டகோட்டாவிலும் கனடாவின் சஸ்காட்செவனிலும் இருக்கிற சின்னச் சின்னக் குட்டைகளில். அந்தக் குட்டையை மூடி உழுதுவிட்டால் உன் வயலுக்கு ஒன்றும் வராது. டெக்சஸ் லைசென்ஸ் காசு தலைநகர் ஆஸ்டினைத் தாண்டுவதே கஷ்டம், கனடாவுக்கு எங்கே போவது? வாத்து வேட்டைக்கு 25 டாலர் மத்திய அரசு ஸ்டாம்ப் எடுக்கிறாயே, அதில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலத்துக்குப் போகிறது, ஆனால் அமெரிக்க எல்லைக்குள். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1937-ல், வறட்சியில் வாத்துகள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், டக்ஸ் அன்லிமிடெட் என்ற வாத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இங்கே வசூல், அங்கே வேலை. மறு வருஷமே கனடாவின் மானிடோபாவில் பிக் கிராஸ் சதுப்பில் தண்ணீரைத் திரும்பத் தேக்கினார்கள். நீ போன சீசனில் போட்டோ போட்டு அலட்டிய பறவைகளுக்கு யாரோ ஒருத்தன் சந்தா கட்டியிருக்கிறான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்!

"நான் குத்தகை நிலத்தில் வேட்டையாடுகிறவன், பொதுநிலம் போனால் எனக்கென்ன" என்றும் சொல்லியிருந்தாய். இதற்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. டெக்சஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தனியார் நிலம், உனக்கு வேறு வழி தெரியாது, அது வாஸ்தவம். ஆனால் போன வருஷம் குத்தகைக்காரர் தொகையை ஏற்றிவிட்டார் என்று என்னிடம்தானே அழுதாய்? காசிருப்பவன் மட்டும் சுடலாம் என்ற நிலைமை எப்படி வருகிறது என்று நினைக்கிறாய்?

வயோமிங் கதையைக் கேள். ரயில்வேக்கு அந்தக் காலத்தில் மானியம் கொடுத்த வகையில் அங்கே நிலம் சதுரங்கப் பலகை மாதிரி கிடக்கிறது. ஒரு கட்டம் அரசு நிலம், அடுத்தது தனியார், அதற்கடுத்தது அரசு. இரண்டு அரசுக் கட்டமும் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. 2021-ல் மிசூரியிலிருந்து நாலு பேர் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போனார்கள். தனியார் மண்ணில் கால் படக்கூடாது என்று ஒரு இரும்பு ஏணி செய்து எடுத்துப் போய், மூலையில் வைத்து, ஒரு அரசுக் கட்டத்திலிருந்து ஏறி அடுத்த அரசுக் கட்டத்தில் இறங்கினார்கள். மண்ணைத் தொடவில்லை. என் நிலத்துக்கு மேலே உள்ள காற்றில் அத்துமீறினார்கள் என்று பண்ணைக்காரர் பல மில்லியன் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அந்த நாலு பேரும் நம்மைப் போலச் சாதாரண ஆட்கள் மாப்பிள்ளை, வக்கீல் பீஸிலேயே வீடு போயிருக்கும். பேக்கன்ட்ரி ஹன்டர்ஸ் அண்ட் ஆங்க்லர்ஸ் என்று ஒரு சங்கம், அதன் வயோமிங் கிளை வழக்குச் செலவுக்கு வசூல் செய்து கொடுத்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. அந்த வட்டாரத்தில் ஆறு மாநிலங்களுக்கு இப்போது அதுதான் சட்டம்.

அதே 2025 ஜூனில் மேற்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கர் அரசு நிலத்தை விற்க யூட்டா செனட்டர் ஒருவர் பட்ஜெட் மசோதாவில் ஒரு பிரிவைச் செருகினார். மாசக் கடைசியில் அவரே எடுத்துவிட்டார். நல்ல மனசு வந்து எடுக்கவில்லை. மசோதாவில் அதை வைக்க விதி இடம் தரவில்லை என்பது ஒரு பக்கம், சங்கங்கள் கொடுத்த போன் மழை இன்னொரு பக்கம். மொன்டானா, ஐடஹோவில் அவர் கட்சி செனட்டர்களே ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் நவம்பரில் எல்க் பின்னால் போகிறவர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி கொஞ்சம் சீரியஸாக. போன நவம்பரில் நான் சுட்ட எட்டுக் கிளைக் கொம்பு மான் உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாதது அதற்கப்புறம் நடந்தது. இந்தப் பக்கம் மானுக்கு அந்த மூளை நோய் இருக்கிறது அல்லவா, சி.டபிள்யூ.டி. 2002-லிருந்து இங்கே இருக்கிறது. சோதனைக்குக் கொடுக்க, ஐந்து அங்குலக் கழுத்தோடு தலையை அறுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, சீட்டில் எந்த இடத்தில் சுட்டது என்று எழுதி, சாலையோரம் வைத்திருக்கிற பெட்டியில் போட வேண்டும். நான் போட்டபோது பெட்டி ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தது. முடிவு வருகிறவரை கறி ஃப்ரீசரில். என் வீட்டில் உன் தங்கச்சி மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்தே வைத்துவிட்டாள், சுக்கா போட. போனில் வந்தது ஒரே சொல்: பாசிட்டிவ். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை தெரியாது, ஆனாலும் தின்னாதே என்கிறார்கள். மொத்தக் கறியையும் பொட்டலம் பொட்டலமாகக் குப்பைக்கு அனுப்பினோம். கொன்றதைத் தின்ன முடியாமல் வீசுவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் தாத்தா முயல் ரத்தத்தைக்கூட வீணாக்கமாட்டார்.

இது என் ஊர்ப் பிரச்சினை என்று நினைக்காதே. டெக்சஸில் 2012-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், மேற்கே மலைப்பக்கம். 2015-ல் மெடினா கவுண்டியில் ஒரு மான் பண்ணையில். பண்ணை மானை லாரியில் ஏற்றி இடம் மாற்றலாமா, சோதனை கட்டாயமா என்று விதி போடுவது ஆஸ்டினில். மான் பண்ணைக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அங்கே ஆள் வைத்துப் பேசுகிறார்கள். பேசட்டும், அவர்கள் பிழைப்பு. காட்டு மானை நம்பியிருக்கிற உன் சார்பில் யார் பேசுகிறார்கள்? உன் லைசென்ஸ் அட்டையா?

எல்லாச் சங்கமும் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. சிலது துப்பாக்கி அரசியல் மட்டும்தான் நடத்துகிறது, மானும் வாத்தும் போஸ்டருக்கு. இங்கே 2021 பிப்ரவரியில் வெளிமாநிலச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு ஓநாய் சீசனை அவசரமாகத் திறக்க வைத்தது. சுட அனுமதித்த கணக்கு 119. மூன்று நாளுக்குள் விழுந்தது 218. இங்குள்ள ஒஜிப்வே பழங்குடி மக்கள் தங்கள் பங்கு ஓநாய்களைச் சுடாமலே விட்டார்கள், அது வேறு. அந்த வாரம் ஆபீஸில் என் முகத்தைப் பார்த்தவர்கள் கேட்காமல் கேட்டது எனக்குத் தெரியும். இந்த நாட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் மாப்பிள்ளை. மற்றவர்களுக்கு நம் மேல் நம்பிக்கை போனால் ஓட்டுப்பெட்டியில் கதை முடியும். அதற்காகத்தான் நிதானமான ஆட்கள் உள்ளே போய் உட்கார வேண்டும் என்கிறேன். நீ வெளியே நின்று திட்டினால் நாற்காலியில் அந்தத் துப்பாக்கி அரசியல்காரன்தான் இருப்பான்.

புறா கதை தெரியுமா உனக்கு? 1871-ல் இதே விஸ்கான்சினில் பயணிப் புறாக்கள் கூடு கட்டியபோது பதின்மூன்று கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். சந்தைக்குச் சுட்டுப் பீப்பாய் பீப்பாயாக ரயிலேற்றினார்கள். இந்த மாநிலத்தில் கடைசிப் புறா 1899-ல் பேப்காக்கில் விழுந்தது. காட்டு வான்கோழியும் அப்படித்தான் இங்கே அற்றுப்போயிருந்தது. ஆனால் 1976-ல் மிசூரியிடமிருந்து 29 வான்கோழி வாங்கி, பதிலுக்கு இங்கத்திய க்ரூஸ் என்கிற காட்டுக்கோழி மாதிரிப் பறவைகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். பண்டமாற்று! 1983-ல் சீசனே திறந்துவிட்டார்கள். இப்போது என் வீட்டு டிரைவ்வேயில் நின்று காரை மறிக்கின்றன.

நீ 2017 ஜனவரியில் ஹூஸ்டன் குளிரில் ஜல்லிக்கட்டுக்காகப் பதாகை பிடித்து நின்றவன். வாழ்நாளில் ஒரு மாட்டின் திமிலைத் தொட்டதில்லை. 2014-ல் தடை வந்த நாளிலிருந்து 2023-ல் தீர்ப்பு வரும்வரை கோர்ட் வாசலில் கிடந்தவர்களை வாயாரப் புகழ்ந்தாய். நீயே செய்கிற காரியத்துக்கு மட்டும் தண்டமா?

போகட்டும். உன் பெயரில் வாத்துச் சங்கத்துக்கு ஒரு வருஷச் சந்தா கட்டிவிட்டேன். அட்டை தபாலில் வரும், உன் வீட்டுக்காரி கையில் கிடைத்தால் என் பெயரைச் சொல்லாதே. உங்கள் பக்கத்துக் கிளை விருந்து எப்போது என்று பார்த்துப் போய் உட்கார். சாப்பாடு சுமார்தான், மிளகாய்ப் பொடி கொண்டுபோ. குலுக்கலில் துப்பாக்கி விழுந்தால் பாதி எனக்கு. மான் பண்ணை விதி சட்டசபைக்கு வரும்போது உன் தொகுதி உறுப்பினர் ஆபீசுக்குப் போன் பண்ணு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுது.

உன்,
மெஸ் கமிட்டி