துணை சபாநாயகர் நாற்காலி ஏன் காலியாக இருக்கக்கூடாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் அமளி நடக்கும் போதெல்லாம் "சபாநாயகரை நீக்கவே முடியாதா?" என்று யாராவது கேட்கிறார்கள். முடியும். அரசியல் சாசனத்தின் 94வது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. 14 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். தீர்மானத்தை எடுத்துக்கொள்ள அவையில் 50 பேராவது எழுந்து நிற்க வேண்டும். அப்புறம் வாக்கெடுப்பு. அன்று வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். 543 இடமும் நிரம்பியிருந்தால் 272 பேர்.

1954இல் மாவ்லங்கர், 1966இல் ஹுகம் சிங், 1987இல் பல்ராம் ஜாக்கர் ஆகியோர் மீது வந்த தீர்மானங்கள் எல்லாம் தோற்றன. ஹுகம் சிங் விஷயத்தில் 50 பேர்கூட எழுந்து நிற்கவில்லை. இவ்வளவு கடினமாக வைத்தது சரி என்றே நினைக்கிறேன். ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்?

எனக்கு உறுத்துவது வேறு. நீக்கத் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது சபாநாயகர் அவைக்குத் தலைமை தாங்கக்கூடாது. உறுப்பினராக இருந்து பேசலாம், வாக்களிக்கலாம். தலைமை தாங்க வேண்டியவர் துணை சபாநாயகர். அவரே இல்லையென்றால்? மாற்றுத் தலைவர்கள் பட்டியலிலிருந்து ஒருவர் வந்து அமர்வார். அந்தப் பட்டியலை நியமிப்பது யார் என்று பார்த்தால், அதே சபாநாயகர்தான்! தன் மீதான விசாரணைக்குத் தானே நடுவரைத் தேர்ந்தெடுப்பது போல ஆகிவிடுகிறது. கற்பனையாகச் சொல்லவில்லை, 2019 முதல் 2024 வரை 17வது மக்களவை முழுக்கத் துணை சபாநாயகர் இல்லாமலேயே ஓடி முடிந்தது.

அந்த ஆள் எவ்வளவு முக்கியம் என்று தமிழ்நாட்டில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1972 டிசம்பரில் பேரவைத் தலைவர் மதியழகன் மீது நீக்கத் தீர்மானம் வந்தபோது அவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. துணைத் தலைவர் சீனிவாசன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவையை நடத்தினார். ஒரே அவைக்கு இரண்டு தலைவர்கள்! கூச்சல் குழப்பத்துக்கு நடுவில் தீர்மானம் நிறைவேறி மதியழகன் பதவி இழந்தார். அழகான காட்சி இல்லைதான். ஆனால் தலைமை தாங்க வேண்டியவர் யார் என்பதில் சந்தேகம் வரவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சபாநாயகர் தானாக விலக நினைத்தால், ராஜினாமா கடிதத்தைத் துணை சபாநாயகருக்குத்தான் எழுத வேண்டும் என்கிறது அதே 94வது பிரிவு.

இருவரையும் "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 93வது பிரிவு சொல்கிறது, நாள் கணக்கு சொல்லவில்லை. ஐந்து வருடத்தையும் "கூடிய விரைவில்" என்று படிக்க முடிகிறதென்றால், புதிய மக்களவை கூடி 60 நாளுக்குள் என்று திருத்தி எழுதிவிடலாமே. கட்சிகள் இதைக் கேட்க வேண்டும். எதிர்க்கட்சியாக இருக்கும்போது மட்டுமல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்