நடை சாத்தியிருந்ததையும் எழுதுங்கள்: சார்ஜர் எண்ணும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார்ஜர் எண்ணும் நண்பர்களே, அந்தக் கணக்கைப் பராமரிக்கும் பெரியவர்களே,

வணக்கம். நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான், கடைசி பெஞ்ச். என் கணக்கு இன்றைக்கு 187. உங்களில் ஆயிரத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறீர்கள், அதனால் 187 என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பரவாயில்லை. தமிழில் எழுதக் காரணம், இந்த ஆட்டத்தில் நம்ம ஊர் ஆட்களும் இருக்கிறீர்கள், கலிஃபோர்னியா சார்ஜர்களில் நின்றபடி சித்ரான்னம் சாப்பிடும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சொன்னால் கேட்காத சில விஷயங்கள் தமிழில் சொன்னால் காதில் ஏறும் என்று ஒரு நம்பிக்கை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மின்சாரக் கார் செய்யும் டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர் நிலையங்களில், அதாவது காருக்கு வேகமாக மின்சாரம் ஏற்றும் நிலையங்களில், எத்தனைக்குப் போய் வந்தாய் என்பதுதான் போட்டி. ஒரு நிலையத்துக்கு ஒரு முறைதான் கணக்கு. வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சொருகி, கொஞ்சமாவது மின்சாரம் ஏற வேண்டும். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, அவரவர் நேர்மைதான். உலகம் முழுக்க 6000-க்கு மேல் நிலையங்கள் வந்துவிட்டன, வாரா வாரம் புதிதாக முளைக்கின்றன, ஆகையால் முடிக்கவே முடியாத ஆட்டம். அதுதான் இதன் ருசி.

எனக்கு அந்த ருசி பிடித்தது முதல் ஆறு நிலையங்களால்தான். 2012 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஆறே ஆறு நிலையங்களோடு ஆரம்பித்தது: ஃபோல்சம், கில்ராய், கோலிங்கா, லெபெக், ஹாதார்ன், பார்ஸ்டோ. கில்ராய் பூண்டு ஊர், சீசனில் கண்ணாடியை இறக்கினால் ரசம் கொதிக்கிற வாசனை. கோலிங்கா வருவதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், ஐ-5 நெடுஞ்சாலை ஓரத்து மாட்டுப் பண்ணை மூக்கைப் பிடித்து இழுத்துவிடும். லெபெக் நிலையம் கிரேப்வைன் மலைச்சாலை ஏற்றத்தின் அடிவாரத்தில், அந்த ஏற்றம் பேட்டரியைக் குடிப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஏதோ பரீட்சார்த்தமாக ஆரம்பித்த கோலிங்காவில் இன்று 98 கார்கள் ஒரே நேரத்தில் நிற்கலாம். இன்னும் தெற்கே லாஸ்ட் ஹில்ஸில் சூரியத் தகடுகளோடு 164. இந்த வளர்ச்சியை அடியடியாக நேரில் பார்த்தவர்கள் என்று யாராவது உண்டு என்றால் அது நீங்கள்தான், சம்பளம் வாங்குகிற எவரும் இல்லை.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

அப்பாவிடம் ஒரு நீளநோட்டு உண்டு. பாடல் பெற்ற தலங்கள் 276. இரண்டு இலங்கையில், ஒன்று கயிலாயம், அதெல்லாம் நடக்காது என்று அவருக்கே தெரியும், இருந்தாலும் 276-க்கும் வரிசை எண் போட்டுக் கோடு கிழித்து வைத்திருந்தார். ரிட்டையரான மறு மாதமே கிளம்பிவிட்டார். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இருக்கிற சின்னக் கோவில்கள் உங்களுக்குத் தெரியும், காவிரி தென்கரையில் ஊருக்கு ஒன்று, ஆனால் பஸ் காலையில் ஒன்று மாலையில் ஒன்று, மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். இத்தனை கஷ்டப்பட்டுப் போய்ச் சேர்ந்தால் பூட்டு தொங்கும். அப்பா வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு நோட்டில் எழுதுவார்: "நடை சாத்தியிருந்தது. குருக்கள் வீடு வடக்கு வீதியில், சாவி அவரிடம். 11 மணிக்குள் போக வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து நடை 2 மைல்." எண்ணுக்கு நேராக டிக் போட மாட்டார், ஒரு சின்ன வட்டம் போடுவார்.

தெருவில் யாராவது கோவில் யாத்திரை கிளம்பினால் அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். வட்டம் போட்ட பக்கங்களைத்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள். எத்தனை டிக் என்று ஒருவரும் கேட்டதாக நினைவில்லை.

நம் கணக்கில் அந்த வட்டம் இல்லை. இதுதான் என் ஒரே குறை, இந்த மடலே இதற்குத்தான்.

போன வருடம் நெவாடாவில் ஒரு சின்ன ஊர். டெஸ்லா நிலையம் அந்தப் பாதையில் இல்லை, வேறொரு நிறுவனத்தின் நிலையம், பெயர் வேண்டாம். நான்கு இயந்திரங்கள். செயலி நான்குமே தயார் என்று பச்சையாகக் காட்டியது. போய் நின்றபோது பேட்டரி 9 சதவீதம், பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்றில் திரை செத்துக் கிடந்தது. இன்னொன்று அட்டையை வாங்கிக்கொண்டு யோசித்து யோசித்து, மன்னிக்கவும் என்றது. மூன்றாவதில் கேபிளையே அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள், செம்புக்காக. நான்காவது ஆரம்பித்தது, 40 வினாடி ஓடியது, நின்றது, பிறகு எத்தனை கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. மனைவி ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயம். கடைசியில் ஒரு மோட்டல்காரர் தன் சுவரில் இருந்த சாதாரணப் பிளக்கைக் கொடுத்தார், ராத்திரி முழுக்கச் சொருகி வைத்துக் காலையில் கிளம்பினோம்.

அந்த இரவுக்கு என் கணக்கில் மதிப்பு பூஜ்யம். மின்சாரம் ஏறாவிட்டால் போகாததற்குச் சமம். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், எனக்கு மூன்று வாரம் முன்பே உங்களில் ஒருவர் அதே பாதையில் போயிருக்கிறார், வழியில் எடுத்த நிலையங்களை எல்லாம் பெருமையாகப் பதிந்திருக்கிறார். அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதை எழுத அங்கே கட்டமே இல்லையே, எங்கே எழுதுவார்?

இன்னொரு கூத்தும் உண்டு. அப்பா சைவத் தலம் மட்டும்தான் எண்ணுவார். வழியில் பெருமாள் கோவில் இருந்தால் இறங்கிச் சேவித்துத் துளசி வாங்கிக்கொள்வார், ஆனால் நோட்டில் ஏறாது. அம்மாவுக்கு அதில் கடைசி வரை வருத்தம், அவள் பிறந்த வீடு வைணவம். நாம் செய்வதும் அதேதான், டெஸ்லா என்றால் கணக்கு, மற்றது எல்லாம் சும்மா. ஒரு காலத்தில் அது நியாயம். ஆனால் 2023 மே மாதம் ஃபோர்டு, ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் என்று வரிசையாக டெஸ்லா பிளக்குக்கு வந்துவிட்டார்கள். 2024-இலிருந்து ஃபோர்டு கார்கள் நம் பக்கத்து இடத்தில் நின்று சார்ஜ் ஏற்றுகின்றன. அவர்கள் நம் கோவிலுக்கு வருகிறார்கள், நாம் அவர்கள் கோவிலுக்குப் போனால் மட்டும் எழுத மாட்டோம் என்றால் எப்படி? அதுவும், பூட்டு அதிகமாகத் தொங்குவது அந்தப் பக்கத்தில்தான்.

இது என் வாய்க்கு வந்த பேச்சில்லை. 2022-இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் டேவிட் ரெம்பெல் என்ற பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியரும் தன்னார்வலர்களும் ஒரு வேலை செய்தார்கள். டெஸ்லா அல்லாத வேகச் சார்ஜர் நிலையங்கள் 181, அவற்றில் இருந்த பிளக்குகள் 657, ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ச் சொருகி 2 நிமிடம் மின்சாரம் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறியது 72.5 சதவீதத்தில்தான். சுமார் 5 சதவீதத்தில் கேபிள் காருக்கு எட்டவே இல்லை. மீதியில் திரை வேலை செய்யவில்லை, அட்டை எடுக்கவில்லை, ஆரம்பித்து நின்றுவிட்டது, இப்படி. ஒரு வாரம் போலக் கழித்துப் பத்தில் ஒரு பங்கை மறுபடி போய்ப் பார்த்தார்கள், நிலைமை பெரிதாக மாறவில்லை. நிறுவனங்களோ 95-லிருந்து 98 சதவீதம் வரை ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தன.

யோசித்துப் பாருங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நிலையம் நிலையமாகப் போய், சொருகி, 2 நிமிடம் நின்று, எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போவது. இது நாம் சனி ஞாயிறுகளில் செய்வதேதான்! ஒரே வித்தியாசம், அவர்கள் ஏறாததையும் எழுதினார்கள். அதனால் அது ஆய்வாயிற்று, நம்முடையது பெருமையாக நின்றுவிட்டது.

அமெரிக்க மத்திய அரசின் நிதியில் கட்டும் நெடுஞ்சாலை நிலையங்களுக்கு 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று 2023-இல் விதி போட்டார்கள், நல்லதுதான். ஆனால் அந்த விதியிலேயே விலக்குகள் உண்டு. மின்வாரியத் தடையால் நின்றால் கணக்கில் வராது, யாராவது உடைத்துவிட்டுப் போனால் வராது, திட்டமிட்ட பராமரிப்பு வராது. 9 சதவீதத்தில் வந்து நிற்பவனுக்குக் கேபிள் அறுபட்டதா தானாக நின்றதா என்பதில் என்ன வித்தியாசம்? அவனுக்கு வேண்டியது அப்பாவின் நோட்டில் இருக்கிற மாதிரி ஒரு வரி: இங்கே நம்பி வராதே, 20 மைல் முன்னாலேயே ஏற்றிக்கொள், ராத்திரி விளக்கு இல்லை, கழிப்பறை 9 மணிக்குப் பூட்டுகிறார்கள்.

இதை எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை. முகஸ்துதி இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் சூப்பர்சார்ஜர் பிரிவில் இருந்த சுமார் 500 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள் (பிறகு சிலரைத் திரும்பக் கூப்பிட்டது வேறு கதை). அந்த நாட்களில் எங்கே பள்ளம் தோண்டியபடி கிடக்கிறது, எங்கே வேலை ஓடுகிறது என்று பார்க்க நான் திறந்தது கம்பெனியின் வரைபடத்தை இல்லை. அனுமதி வாங்கியது, கட்டிக்கொண்டிருப்பது, திறந்தது என்று நிறம் நிறமாகப் புள்ளி வைத்துத் தன்னார்வலர்கள் நடத்துகிற சூப்பர்சார்ஜ் இன்ஃபோ இணையதளத்தைத்தான். கட்டி முடிக்காததைக் கூட இத்தனை அக்கறையாகக் குறித்துவைக்கத் தெரிந்தவர்களுக்கு, கட்டி முடித்துக் கெட்டுக் கிடப்பதைக் குறிக்க ஒரு கட்டம் போடத் தெரியாதா?

ஏமாற்றுவார்களே என்பீர்கள். பூட்டியதையும் எண்ணினால் ஃப்ரீவேயில் போகிற போக்கில் பார்த்துவிட்டு "போனேன், ஓடவில்லை" என்று எழுதி எண்ணிக்கையை ஏற்றுவார்கள், சரி, ஒப்புக்கொள்கிறேன். அதனால் புள்ளியே தர வேண்டாம் என்கிறேன். பெயருக்கு நேரே 187 என்று இருக்கிற இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு கட்டம், வட்டம் போட்டு 11, நான் போயும் மின்சாரம் ஏறாத நிலையங்கள். அது தரவரிசையை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். தேதி, எத்தனை இயந்திரம், எத்தனை ஓடவில்லை, ஒரு வரி குறிப்பு. திருத்திவிட்டார்கள் என்று அடுத்தவர் போய்ப் பார்த்தால் வட்டத்தை அடித்துவிடலாம். எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்த வேண்டும், டெஸ்லா உட்பட.

இன்னொன்று, இது கோரிக்கை இல்லை, திட்டு. நவம்பர் நன்றி நவிலல் விடுமுறையில், பழைய வகைச் சார்ஜர் ஒன்றில், வரிசை சாலை வரை நிற்கிறது. ஒரு மகானுபாவர் 84 சதவீதத்தில் வந்து வரிசையில் நின்று, இடம் கிடைத்ததும் சொருகி, படம் எடுத்து, 3 நிமிடத்தில் கிளம்பினார். 3 நிமிடம்தானே என்று அவர் நினைத்திருப்பார். அந்தப் பழைய வகையில் 1ஏ, 1பி என்று எண் போட்ட ஜோடி இடங்கள் இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து மின்சாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பது இந்த ஆட்டம் ஆடுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது. பக்கத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும் 12 சதவீதத்தில் நின்றிருந்தார்கள், அவர்களுடைய வேகம் சட்டென்று இறங்கியதை நான் பார்த்தேன். புதிய 250 கிலோவாட் வகையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் இடம் இடம்தானே? நிரம்பி வழிகிற நிலையத்தில் சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காதவனுக்கு நிமிடத்துக்கு 1 டாலர் வரை அபராதம் போடுகிறார்கள். நமக்கு அபராதம் போட ஆளில்லை, நாமே போட்டுக்கொள்ளலாம். வரிசை நிற்கும்போது எண்ணிக்கைக்காகச் சொருகியது செல்லாது என்று விதியில் ஒரு வரி சேருங்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, முதல்ல நீங்க திருந்துங்க. போன மாசம் மாடெஸ்டோவில் நிறுத்தினது வண்டிக்குப் பசியா, உங்க கணக்குக்குப் பசியா?" என்றாள். கணக்குக்குத்தான். 71 சதவீதம் இருந்தது. வரிசை இல்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

அப்பாவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. டிக் 231. நீங்கள் கட்டம் போடுகிற வரைக்கும் அதன் கடைசியில் காலியாக இருக்கும் பக்கங்களில் என்னுடைய பதினொன்றையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன், முதல் வட்டம் அந்த நெவாடா ஊர். மோட்டல் பெயரையும் எழுதியிருக்கிறேன், அந்தப் பாதையில் போகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
187-இல் நிற்கும் ஒருவன்