இரண்டு நொடியை விடுங்கள், பன்னிரண்டு ஆண்டுகளைப் பேசுவோம்

அமெரிக்க மாநிலங்களின் குத்துச்சண்டை ஆணையங்களுக்கு,

வணக்கம். குத்துச்சண்டை வீரர் மெல்ட்ரிக் டெய்லர் என்றதும் உங்களுக்கும் அந்த இரண்டு நொடிதான் நினைவுக்கு வரும். 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். மெக்சிகோ வீரர் ஹூலியோ சீசர் சாவேஸுடன் பன்னிரண்டு சுற்றுச் சண்டையில் பதினோரு சுற்று முடிந்தபோது, புள்ளி போட்ட மூவரில் இருவரின் தாளில் டெய்லர் 107-102, 108-101 என்று முன்னால் இருந்தார். கடைசிச் சுற்றின் இறுதியில் விழுந்தார், எழுந்தார். நன்றாக இருக்கிறாயா என்று நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. டெய்லரின் பார்வை தன் பயிற்சியாளர் பக்கம் போயிருந்தது. ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். மணியடிக்க இரண்டு நொடி மிச்சம்.

அது சரியா தவறா என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். பலமுறை அந்தச் சண்டையைப் பார்த்தவன் நான். ஸ்டீல் செய்தது சரி. முகத்தில் எலும்பு முறிந்து, தன் ரத்தத்தையே விழுங்கிக்கொண்டிருந்தவரிடம் கடிகாரத்தைக் காட்டியா வாதாடுவது?

என் குறை உங்களிடம்தான். 17 வயதில், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிள்ளை அவர். கை போகும் வேகத்தைக் கண் பிடிக்க முடியாது. விலகி விலகி ஆடியே ஜெயிக்கக்கூடியவர், ஆனால் பிலடெல்பியாக்காரர். நின்று அடித்துத்தான் பழக்கம். சாவேஸ் சண்டைக்குப் பிறகு, 1991இல் ஆரன் டேவிஸை வென்று இன்னொரு உலகப் பட்டமும் எடுத்தார். சரி, தேறிவிட்டார் என்று எல்லோரும் நம்பினோம். 1992இல் டெர்ரி நோரிஸ் நான்காவது சுற்றிலேயே முடித்துவிட்டார். அதே வருடம் பட்டமும் போனது. 1994இல் மறுபடி சாவேஸ், எட்டாவது சுற்றில் தோல்வி. அதோடாவது நின்றதா? 2002 வரை மேடை ஏறினார். அமெரிக்காவில் அவர் ஆடிய ஒவ்வொரு சண்டைக்கும் ஏதோ ஒரு மாநிலத்தின் அனுமதி இருந்தது.

2003இல் எச்பிஓ தொலைக்காட்சி எடுத்த ஆவணப்படத்தில் அவர் பேசியதைக் கேட்டேன். நாக்கு குழறி, ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வந்தது. அதற்கு மேல் பார்க்க முடியாமல் அணைத்துவிட்டேன்.

1996ஆம் ஆண்டு அமெரிக்கக் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம் சண்டைக்கு முன் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஆனால் அன்றைக்கு உடம்பு தாங்குமா என்று பார்ப்பது வேறு, ஐந்து வருடத்தில் பேச்சு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பது வேறு. லாஸ் வேகாஸில் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனை 2011 முதல் சண்டைக்காரர்களின் மூளையை ஆண்டுதோறும் சோதித்து ஆய்வு நடத்துகிறது. அந்த மாதிரிச் சோதனையை உரிமத்தின் பகுதியாக்குங்கள். முதல் உரிமம் வாங்கும்போதே பேச்சைப் பதிவு செய்யுங்கள். புதுப்பிக்கும்போது மறுபடி பதிவு செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் ஓய்வூதியம். கலிஃபோர்னியா குத்துச்சண்டை வீரர்களுக்கு 1982 முதல் அந்தத் திட்டத்தை நடத்துகிறது, 50 வயதில் வாங்கலாம். பணம் எங்கிருந்து? டிக்கெட்டுக்கு 88 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை! மற்ற மாநிலங்களில் ஒரே ஓர் ஆணையம்கூட இதைச் செய்யவில்லை. நெவாடாவில் ஒரு பெரிய சண்டைக்கு முன்வரிசை டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அங்கிருந்தே தொடங்குங்கள், அடுத்த பருவத்து டிக்கெட்டிலேயே.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டை ரசிகன்