சிங்கப்பூர் – நியூயார்க்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

அன்புள்ள செல்வம்,

மகளுக்கு பாஸ்டனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. நியூயார்க் வரை 17 மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது, டிக்கெட்டிலோ 18 மணி 40 நிமிடம், எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். டிக்கெட்டையே நம்பு.

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு மிகக் குறைந்த தூரம் சுமார் 15,350 கி.மீ. இணையக் கணக்கு அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுப்பதோடு சரி. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே நூல் பிடித்துப் பார். நூல் வடதுருவத்தை ஒட்டி, 300 கி.மீ.க்குள் போகும். துருவத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். அதனால் பசிபிக் வழியாகச் சுற்றினாலும் அட்லாண்டிக் வழியாகச் சுற்றினாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த வழித்தடத்தின் அழகே இதில்தான் இருக்கிறது. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். போகும்போது ஜப்பான் பக்கமாக ஏறி வட பசிபிக்கைக் கடப்பார்கள். திரும்பும்போது பல நாட்கள் அட்லாண்டிக், ஐரோப்பா வழி. இரண்டுமே கிழக்கு நோக்கித்தான், இரண்டிலும் பின்காற்று! பாதை 16,600 கி.மீ. ஆக நீண்டாலும், சராசரியாக மணிக்கு 50 கி.மீ. பின்காற்று கிடைத்தால் பறக்கும் நேரம் பதினேழரை மணிதான். டிக்கெட்டில் உள்ள மீதி நேரம், வாயிலை விட்டு நகர்ந்து ஓடுபாதைக்குப் போகவும், இறங்கி வாயிலில் வந்து நிற்கவும், தாமதத்துக்கென்று ஒதுக்கவும். காற்று நாளுக்கு நாள் மாறும், பாதையும் கூடவே மாறும்.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை. தொட்டி நிரம்ப எரிபொருள் 1,65,000 லிட்டர், ஏறத்தாழ 130 டன். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன்தான். அந்தக் கனத்தோடு எடுத்த எடுப்பில் உயரப் போக முடியாது. எரிபொருள் குறையக் குறையப் படிப்படியாக ஏறும். எடையைக் குறைக்கத்தான் மொத்தம் 161 இருக்கைகள். எகானமி வகுப்பே கிடையாது, அதனால் டிக்கெட் விலை கூடுதல். கட்டணம் இடித்தால் பிராங்பர்ட் வழி விமானத்தைப் பார்; எகானமி உண்டு, ஆனால் ஐந்து மணி நேரம் போலக் கூடும்.

கடிகாரம் கோடையில் சுலபம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை சரியாக 12 மணி வித்தியாசம். முள்ளைத் தொடவே வேண்டாம், இரவு பகல்தான் மாறும். மற்ற மாதங்களில் 13. திங்கள் இரவு 11.35க்குக் கிளம்பினால் கோடையில் செவ்வாய் காலை 6.15க்கு அங்கே இறங்கலாம். திரும்பும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள்: திங்கள் இரவு ஏறினால் சிங்கப்பூரில் புதன்கிழமை. இங்கே யாராவது அழைத்துப் போக வருவதென்றால் தேதியை எழுதிக் கொடுத்துவிடு.

பாஸ்டன் விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடு. நியூயார்க்கில் குடிநுழைவு முடிந்ததும் பெட்டியைத் தானே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். முடிந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்கு. தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடும்.

தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
முருகன்