ஐஸ் ரூமில் இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ராயபுரத்து மக்களுக்கும், வெளியூர்களிலிருந்து விசாரித்தபடியே இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் சின்ன அருங்காட்சியகத்தின் கீழ்க்கூடத்தில் மழைத் தண்ணீர் புகுந்தது உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் எங்களோடு முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள்தான், அதை மறுபடி எழுதவில்லை. மாடியில் இருந்தவற்றுக்குப் பழுதில்லை. கீழ்க்கூடம் காய்ந்துவருகிறது. அருங்காட்சியகம் மறுபடி திறக்கும்.

முதல் நன்றி எங்கள் வாசல் திண்ணையோரம் மீன் விற்கும் அக்காவுக்கு. பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நனைந்த காகிதத்துக்குக் கெட்ட நேரம் தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பேரேடு, படகுக் கணக்கு, பழைய கல்யாணப் பத்திரிகை, துறைமுகத்துச் சரக்குச் சீட்டு என்று குவிந்து கிடந்ததை ஒரேயடியாக உலர்த்த ஆளும் இல்லை, இடமும் இல்லை. காகிதப் பாதுகாப்பில் வேலை செய்யும் தோழி போனில் ஒரு வழி சொன்னார்: அப்படியே உறையவைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சை வளராது, மை மேற்கொண்டு பரவாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஆற அமர உலர்த்தலாம். பழைய போட்டோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களையும் தஞ்சாவூர் ஓவியங்களையும் மட்டும் ஐஸ் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சரி, கரண்ட் இல்லாத தெருவில் மைனஸ் 18-க்கு எங்கே போவது? தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார்.

"இன்னா சார், ஐஸுக்கா இப்டி அல்லாடிகினு கீற? எதுக்கு?"

சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "மீனோ காயிதமோ, கெடாம இருக்கணும்னா ஐஸ்தான?" என்று சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். கொழுந்தனார் காசிமேட்டில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் வேலை பார்க்கிறாராம்.

அன்று சாயங்காலமே மீன்பாடி வண்டியில் எல்லாம் போய்ச் சேர்ந்தது. புயல் எச்சரிக்கையால் போட்டுகள் கடலுக்குப் போகாத வாரம். அவர்கள் வீட்டில் வரும்படியே இல்லாத வாரம். ஐஸ் ரூமில் மிச்சமிருந்த வஞ்சிரப் பெட்டிகளை ஒதுக்கி, ஒரு ரேக் முழுவதையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வைத்திருந்தார் அந்தக் கொழுந்தனார். எங்கள் சாமானால் தனக்குத் தொந்தரவு என்ற பேச்சே அவரிடம் இல்லை. அவருக்கு இருந்த கவலையே வேறு. "மீன் வாடை ஏறிடுமே சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு நோட்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டிக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார். போகும்போது ஒரு அட்டையில் தானே எழுதி ரேக்கில் தொங்கவிட்டார்: "புக்கு. மீன் இல்ல. யாரும் கை வைக்காத."

வாடகை எவ்வளவு என்று கேட்டால், "அப்பால பாத்துக்கலாம்" என்கிறார். இன்னமும் அதைத்தான் சொல்கிறார்.

தண்ணீர் இறைத்த ஸ்கூல் பசங்களுக்கும், டீயும் பன்னும் கொடுத்துக் காசு வாங்காத கடைக்காரருக்கும், ஜெனரேட்டர் தூக்கி வந்தவர்களுக்கும், ஓவியப் பலகைகளைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தைகளைப் போல மாடிக்கு ஏந்திச் சென்ற பக்கத்துத் தெருப் பெண்களுக்கும் நன்றி. நம்ம கொத்தனார் பெரியவருக்குத் தனியாக. ஈரச் சுவரைப் பார்த்த எல்லோரும் சிமென்ட் பூசச் சொன்னபோது, "சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு விடணும். மேல சிமென்ட்ட அப்புனா ஈரம் உள்ளயே நின்னு செங்கல்ல தின்னுடும்" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னபடி ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கிறது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் ஒரு உத்தரம் கூட அசையவில்லை.

நல்லெண்ணத்தோடுதான் சிலர் கேட்கிறார்கள்: இதையெல்லாம் மேடான இடத்தில் புதுக் கட்டடம் பார்த்து மாற்றிவிடக் கூடாதா? மாற்ற மாட்டோம். பழைய கட்டடத்தில் அருங்காட்சியகம் நம்ம ஊருக்குப் புதிதல்ல. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இருப்பது 1795-இல் முடிந்த, வியாபாரிகள் கூடிய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில். எழும்பூர் அருங்காட்சியகம் 1854-இல் குடிபோனது, அதற்கு முன் விருந்தும் நடனமுமாக இருந்த பாந்தியன் மாளிகைக்கு. அது இருக்கும் சாலைக்கு இன்னமும் பாந்தியன் சாலை என்றுதான் பேர். 1856-இல் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சரக்கு மூட்டை அடுக்கிய இந்த வீட்டில் இருக்கும்வரைதான் அந்தப் பேரேடுகளுக்கு அர்த்தம். வேறெங்கோ ஏசி அறையில் அவை வெறும் பழைய நோட்டுகள். அதோடு, அங்கே வாசலில் அக்கா இருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் செய்வோம். இனி ஒவ்வொரு ஐப்பசியும் மழை பிடிக்கும் முன்பே கீழ்க்கூடத்துக் காகிதம் முழுவதும் மாடி ஏறிவிடும். தை பிறந்துதான் இறங்கும்.

உலர்த்தும் வேலை இன்னும் சில மாதம் ஓடும். வாரம் ஒரு கட்டு ஐஸ் ரூமிலிருந்து வருகிறது, பக்கத்துக்குப் பக்கம் ஒற்றுத்தாள் வைத்து ஃபேன் காற்றில் காயவிடுகிறோம். அதனால் டேபிள் ஃபேன் கொடுத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கிறோம். மஞ்சள் இறக்கை வைத்த ஒரு ஃபேன் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. நன்றாக ஓடுகிறது. வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.